ஜப்பானியர் காலத்து ஓராங் அஸ்லி உடன்பிறப்புகள்: சிறுவர் வரலாற்று நாவல் எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானியர் காலம் என்றதும் மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் பேச்சுக்கு வருபவை மரவள்ளிக்கிழங்கும், வாழைமரம் அச்சிட்ட நோட்டும், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களும்தான். 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்டு வரையிலான அந்த ஆண்டுகள் தோட்டத்து லயங்களில் எப்படிக் கழிந்தன என்பதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே ஆண்டுகளில், தோட்டத்தின் கடைசிப் பால்மரத்துக்கு அப்பால் தொடங்கும் காட்டில் வாழ்ந்த ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடி மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பது நம் குடும்பக் கதைகளில் இடம்பெறுவதில்லை. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, ஓர் அக்காளும் தம்பியும் அந்தப் போரைக் கடந்து உயிர் தப்பும் கதையை எழுத விரும்புவோருக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். கோலாலம்பூரில் சிறுவர்க்காக எழுதுவோரிடையே இந்தப் பொருளில் உண்மையான ஆர்வம் இருப்பதை அறிவேன். அந்த ஆர்வத்துக்கு ஈடான தயாரிப்பும் சேர்ந்தால் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய நாவல் மிகச் சிறந்ததாக இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய நாவலைக் கெடுப்பது பெரும்பாலும் போரைப் பற்றிய பிழைகளைவிடக் காட்டைப் பற்றிய பிழைகளே. காட்டைப் பாம்பும் புலியும் இருளும் நிறைந்த இடமாகப் பார்த்துப் பழகிய நாம், அறியாமலேயே நம் அச்சத்தை அந்தப் பிள்ளைகளின் நெஞ்சில் ஏற்றிவிடுகிறோம். அவர்களுக்கோ ஆபத்து சாலையிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் ஆற்று முகத்துவாரத்திலிருந்தும் வருகிறது. மரங்களுக்கிடையே நுழைந்த பிறகுதான் அவர்களின் மூச்சு சீராகிறது. முதல் அத்தியாயத்திலிருந்தே கதையின் திசைகள் இப்படி அமைந்திருக்க வேண்டும். பின்வருபவை அனைத்தும் இதற்கான வழிமுறைகளே.

எந்த மக்கள், எந்த ஆறு

ஓராங் அஸ்லி என்ற பொதுப்பெயருக்குள் அரசு வகைப்பாட்டின்படி 18 இனக்குழுக்கள் அடங்குகின்றன. இவை நெகிரிட்டோ, செனோய், மலாயு அஸ்லி என மூன்று பெரும்பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. மக்கள்தொகை இன்று ஏறத்தாழ 2 லட்சம். தெமியார், செமாய், பத்தேக் முதலியோரின் மொழிகள் கம்போடியாவின் கெமர் மொழி இடம்பெறும் ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை; சிலாங்கூரில் வாழும் தெமுவான் மக்களின் பேச்சு மலாய் மொழிக்கு நெருக்கமானது. வாழ்க்கை முறையிலும் இவ்வளவு தூரம் உண்டு. தெமியாரும் செமாயும் காட்டைத் திருத்தி மரவள்ளியும் மலைநெல்லும் பயிரிட்டார்கள். பத்தேக் மக்கள் காட்டுக்கிழங்கு தோண்டியும் வேட்டையாடியும் இடம் மாறி வாழ்ந்தார்கள். கேரித்தீவின் மா மெரி மக்கள் சதுப்புநிலக் கரையோரத்தினர். 'ஓராங் அஸ்லிப் பிள்ளைகள்' என்று பொதுவாகத் தொடங்கினால், அவர்கள் எத்தகைய வீட்டில் உறங்கினார்கள், காலையில் எதைத் தின்றார்கள் என்ற எளிய கேள்விக்குக்கூட உங்களிடம் விடை இருக்காது. ஆகவே ஒரு குழுவைத் தேர்ந்தெடுங்கள்; அக்குழு வாழும் ஆறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே எடுத்துக்காட்டுக்காகக் கிளாந்தானில் நெங்கிரி ஆற்றின் மேற்பகுதியில் வாழ்ந்த தெமியார் மக்களைக் கொள்கிறேன். பேராக் அருங்காட்சியகத்தின் களப்பணியாளராக இருந்த ஆங்கிலேய மானிடவியலாளர் பேட் நூன் 1930களில் தெமியாரிடையே தங்கி, அவர்கள் குலத்திலேயே மணம் புரிந்து, பேராக் – கிளாந்தான் நீர்ப்பிரிமேட்டுக் குடியிருப்புகளைப் பற்றி 1936இல் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அதனால் போருக்குச் சற்று முந்தைய அன்றாட வாழ்க்கையை அறிய நமக்கு ஓர் எழுத்துப்பதிவு கிடைக்கிறது. அதை ஒரு வெளியாளின் பார்வை என்ற நினைவோடு படிக்க வேண்டும். இரண்டாவது காரணம், அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஓடும் ரயில்பாதை. அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

உண்மையான பேராற்றின் பெயரை வைத்துக்கொண்டு, அதில் கலக்கும் சிற்றாற்றுக்கும் குடியிருப்புக்கும் கற்பனைப் பெயர் சூட்டுவது நல்லது. இன்றும் மக்கள் வாழும் ஓர் ஊரின் மீது நாம் புனைந்த மரணத்தையோ துரோகத்தையோ ஏற்றிவைக்க நமக்கு உரிமையில்லை.

நாட்காட்டியும் தண்டவாளமும்

1941 டிசம்பர் 8ஆம் தேதி நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் ஜப்பானியப் படைகள் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கின. பியர்ல் துறைமுகம் தாக்கப்படுவதற்கும் முன்பே இது நடந்தது. கரையைக் காத்து நின்றவர்களில் பெரும்பாலோர் டோக்ரா படைப்பிரிவு முதலியவற்றைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் ரயில்பாதையை ஒட்டித் தெற்கே பின்வாங்கினார்கள். கிளாந்தான் ஆற்றின் மீதிருந்த கில்லமார்ட் பாலம் தகர்க்கப்பட்டது. டிசம்பர் 19இல் பினாங்கும், 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போயின. இந்தத் தேதிகளை நீங்கள் எழுதும் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாவலுக்குள் கொண்டுவராதீர்கள். மலைமேல் இருக்கும் பிள்ளைகளுக்கு நாட்காட்டி தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வடகிழக்குப் பருவமழை. ஆறு கலங்கி ஏறியிருக்கும் நாட்களில் வழக்கமில்லாத நேரங்களில் தெற்கு நோக்கி ரயில்கள் ஓடியது. பின்பு ரயிலே வராமல் போனது. படையெடுப்பு ஒரு குழந்தையை அடைவது இப்படிப்பட்ட ஓசை மாற்றங்களாகவும், வாங்கப் போன உப்பு கிடைக்காமல் போவதாகவும்தான்.

பினாங்கில் இருந்து எழுதுவோருக்கு டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மீது விழுந்த குண்டுகளைக் கதைக்குள் கொண்டுவர ஆசை எழும். விமானங்களை வேடிக்கை பார்க்க மக்கள் தெருவில் திரண்டு நின்றபோது குண்டுகள் விழுந்ததும், ஆங்கிலேயர் இரவோடு இரவாகத் தீவை விட்டுப் போனபின் செய்தித்தாள் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் சரவணமுத்து கோட்டைக் கொடியை இறக்கி, நகரம் எதிர்க்கப்போவதில்லை என்று வானொலியில் அறிவித்ததும் நெஞ்சை உலுக்கும் நிகழ்ச்சிகளே. ஆனால் அவை தனி நாவலுக்கு உரியவை. நம் உடன்பிறப்புகள் நிற்கும் இடத்திலிருந்து பினாங்கு கண்ணுக்கெட்டாத தூரம். கதையை அங்கே இழுத்துச் சென்றால் காடு வெறும் பின்னணித் திரையாகிவிடும்.

ரயில்பாதைக்கு வருவோம். கெமாசிலிருந்து தும்பாட் வரை கிழக்குக் கரைப் பாதை முழுமையாக இணைந்தது 1931இல். படையெடுப்பின்போது அக்காளுக்குப் பன்னிரண்டு வயது என்று வைத்தால், அந்த ரயிலும் அவளும் ஏறக்குறைய ஒன்றாக வளர்ந்தவர்கள்; அவள் தந்தை பிரம்பும் பெத்தாய்க் காயும் கொண்டுபோய் உப்பும் பாராங் கத்தியும் புகையிலையும் மாற்றி வந்தது அந்தப் பாதையோரக் கடைகளில். ஆக்கிரமிப்பின்போது ஜப்பானியர் இதே பாதையில் மெந்தகாப்புக்கும் கிராய்க்கும் இடைப்பட்ட தண்டவாளங்களைக் கழற்றி, சயாம் – பர்மா ரயில்பாதைக்கு அனுப்பினார்கள். அந்தப் பாதை 415 கிலோமீட்டர் நீளம்; 1943 அக்டோபரில் முடிந்தது; மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் அதில் உழைத்து மடிந்தார்கள். காட்டோரத்தில் ஒளிந்திருந்து இரண்டு பிள்ளைகள் தண்டவாளம் பெயர்க்கப்படுவதைப் பார்க்கிறார்கள். அந்த இரும்பு போய்ச் சேரும் இடத்தில் நம் பாட்டன்மார் அதைத் தோளில் சுமக்கிறார்கள். தமிழ் வாசகருக்கும் தெமியார் உடன்பிறப்புகளுக்கும் இடையே இதைவிட உறுதியான இணைப்பை எந்தக் கற்பனையாலும் உண்டாக்க முடியாது என்பது என் எண்ணம். நாவலின் நடுப்பகுதியில், அதிகம் விளக்காமல், பிள்ளைகளின் கண்வழியாக இந்தக் காட்சியை வையுங்கள். இரும்பு எங்கே போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது; நூலின் பின்னுரையில் நீங்கள் சொல்லலாம்.

நிலையத்துக் கடிகாரமும் பயன்படும். ஜப்பானியர் மலாயாவின் நேரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி ஒன்றரை மணிநேரம் முன்னே தள்ளினார்கள். கடிகாரம் எட்டு காட்டும்போதும் இருள் முழுமையாக விலகாத ஒரு காலை, ஆட்சி மாறிவிட்டதை எந்த உரையாடலையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

கிழங்கு விளையும் காலம்

உயிர் பிழைக்கும் கதையில் வாசகர் முதலில் நம்ப வேண்டியது உணவை. மரவள்ளி நட்டுக் கிழங்கு முற்ற எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். மலைநெல்லுக்கு ஏறத்தாழ ஐந்தாறு மாதம் வேண்டும். சோளம் மூன்று மாதத்தில் கைக்கு வரும். ஆகவே ஒரு குடியிருப்பு திடீரென்று ஆற்றின் மேற்பகுதிக்கு ஓடிப்போனால், புதிய இடத்தில் காடு திருத்தி நட்டாலும் மாதக்கணக்கில் பழைய தோட்டத்துக் கிழங்கையே நம்பியிருக்க வேண்டும். அங்கே போய்த் தோண்டி வருவதற்குத் துணிவு வேண்டும். புதிய இடத்தில் வெட்டிய மரங்களை எரித்தால் எழும் புகை விமானத்திலிருந்து தெரியும். இந்த இரண்டு நெருக்கடிகளுக்குள்ளேயே அரை நாவலுக்குப் போதுமான நிகழ்ச்சிகள் இருக்கின்றன. புலி துரத்துவதையும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுவதையும் தேடிப் போகத் தேவையில்லை.

காட்டுப்பொருள்களை எழுதும்போது ஒவ்வொன்றும் எதனால், எப்படிச் செயல்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். ஊதுகுழாய்க்கு ஏன் கணுவுக்கும் கணுவுக்கும் இடையே மிக நீளமான மூங்கில் வேண்டும். அம்பின் நுனியில் பூசும் நஞ்சு ஈப்போ என்னும் மரத்தின் பாலிலிருந்து எப்படிக் காய்ச்சப்படுகிறது. அந்த அம்பு குரங்கையும் அணிலையும் பறவையையும் வீழ்த்துவதற்கானது என்பதால் சிறுவன் அதைக் கொண்டு படையை எதிர்க்க நினைப்பது ஏன் பொருந்தாது. மூங்கில் குழாயில் நீர் எப்படிச் சுமக்கப்படுகிறது, அதே மூங்கிலில் சோறு எப்படி வேகிறது. தூபா வேரை இடித்து நீரில் கலந்தால் மீன் எப்படி மயங்கி மிதக்கிறது. துணி கிடைக்காத நாட்களில் மரப்பட்டையை அடித்து எப்படி உடையாக்கினார்கள். ஒரு காட்சிக்கு இவற்றில் ஒன்று போதும். அந்த ஒன்றை, கையால் செய்து பார்க்கக் கூடியவர் எழுதியது போல எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே அத்தியாயத்தில் அடுக்கினால் அது அருங்காட்சியகப் பலகையாகிவிடும்.

இன்னொரு செய்தி, தமிழில் எழுதுவோர் பலர் கவனிக்காதது. தெமியாருக்கும் செமாய்க்கும் 1941 முதல் படையெடுப்பு அன்று. 19ஆம் நூற்றாண்டு முழுதும் அவர்களின் குடியிருப்புகளைத் தாக்கி, பிள்ளைகளைப் பிடித்துச் சென்று அடிமைகளாக்கிய கும்பல்கள் இருந்தன. அந்நியர் வருகிறார்கள் என்றால் ஆற்றின் மேற்பகுதிக்கு விலகிப்போவது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம். கதையில் ஒரு பாட்டி இருந்தால், எந்தப் பாதையில் போக வேண்டும், எப்போது தீ மூட்டக் கூடாது என்பவை அவளுக்குத் தெரிந்திருப்பதற்கு இதுவே காரணம். அவளிடமிருந்து அக்காள் கற்றது பின்னால் இருவரையும் காப்பாற்றட்டும்.

அக்காள் எப்படிப் பேசுவாள்

நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்பும் பகுதி இதுதான். நம் கதைகளில் ஆபத்து நேரத்தில் அக்காள் தம்பியின் வாயைப் பொத்துவாள். "சும்மா இருடா" என்று அதட்டுவாள். கேட்காவிட்டால் முதுகில் ஒன்று வைப்பாள். நம் வீடுகளில் அது அன்பின் இயல்பான வடிவம். தெமியார், செமாய் மக்களிடையே பிள்ளைகளை அடிப்பதும் கட்டாயப்படுத்துவதும் மிக அரிது. விருப்பமில்லாத ஒருவரை, அவர் குழந்தையாகவே இருந்தாலும், வற்புறுத்துவது தீங்கு விளைவிக்கும் செயலாகக் கருதப்படுவதை அவர்களோடு வாழ்ந்த ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இதை உள்வாங்கிக்கொண்டால் உங்கள் நாவலின் பதற்றமே வேறு தன்மை பெறும்.

காட்டுப்பாதையில் எட்டு வயதுத் தம்பி உட்கார்ந்துவிடுகிறான்; நடக்க மாட்டேன் என்கிறான். கீழே ஆற்றோரம் பூட்ஸ் ஒலி கேட்கிறது. அக்காள் அவனை இழுத்துச் செல்லவோ மிரட்டவோ போவதில்லை. அவன் பக்கத்தில் அவளும் உட்கார வேண்டும். அவன் எழ விரும்பும்படி ஏதாவது செய்ய வேண்டும். தன் அச்சத்தை அவனுக்குக் காட்டாமல், அதே நேரத்தில் பொய்யும் சொல்லாமல் அதைச் செய்ய வேண்டும். இந்த ஒரு காட்சியை நான்கைந்து பக்கங்களுக்கு நிதானமாக எழுதலாம். படிக்கும் தமிழ்ப்பிள்ளை, தன் வீட்டில் நடக்காத ஒன்றைக் காண்பதால் வியந்து படிப்பாள். அக்காளின் பொறுமையை உபதேசமாக மாற்றாதீர்கள். அவளுக்கு அது இயல்பு, அவ்வளவே.

அவர்கள் எப்படித் தனித்துவிடப்படுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். பெற்றோரை முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிடுவது எழுத்தாளருக்கு வசதி. தெமியார் குடியிருப்பில் பெற்றோர் இல்லாத குழந்தை தனித்து நிற்காது. வீடு முழுவதும் உறவினர்தாம். ஆகவே தனிமைக்கு இடத்தைச் சார்ந்த காரணம் தேடுங்கள். தந்தையோடு பாதையோரக் கடைக்கு வந்தவர்கள், படைகள் பின்வாங்கும் குழப்பத்தில் அவரைப் பிரிந்து, ஆறு பெருகி மூங்கில் தெப்பமும் பயன்படாத நிலையில் வீட்டுக்கு நடக்க வேண்டியிருப்பது நம்பத்தக்கது.

பெயர்களைப் பொறுத்தவரை, அலோங், ஊடா, அஞ்சாங், பூசு போன்ற, பிறந்த வரிசையைக் குறித்து மலாய் வழக்கிலிருந்து வந்த பெயர்கள் தெமியாரிடையே காணப்படுபவை. கதைசொல்லும் பகுதியில் 'அக்காள்', 'தம்பி' என்று எழுதுவது தமிழ்ப்பிள்ளைக்கு இதமாக இருக்கும். உரையாடலில் பெயரைச் சொல்லி அழைக்கட்டும்.

எழுதக் கூடியதும் விலக வேண்டியதும்

ஓராங் அஸ்லி என்ற பெயர் அரசு வழக்கில் நிலைபெற்றது போருக்குப் பிறகு. ஆகவே கதைமாந்தர் தம்மைத் தெமியார் என்றோ, இன்ன ஆற்றின் மக்கள் என்றோ சொல்லிக்கொள்வதே பொருத்தம். அக்காலத்தில் வெளியார் அவர்களைச் சுட்டிய இழிசொல் பழைய ஆவணங்கள் எங்கும் விரவிக் கிடக்கிறது. கடைக்காரர் ஒருவர் வாயில் ஒரே முறை வந்து, அதைக் கேட்ட சிறுமியின் முகம் என்ன ஆயிற்று என்று காட்டுவதற்கு மேல் அதற்கு இடம் தர வேண்டாம். நாம் தமிழில் எளிதாகச் சொல்லிவிடும் 'காட்டுவாசி' என்பதையும் இதே கண்டிப்போடு விலக்குங்கள்.

நம்பிக்கைகளை எழுதும்போது கதைசொல்லியின் குரல் மாறக் கூடாது. விலங்குகளைக் கேலி செய்து சிரித்தால் இடியும் புயலும் வரும் என்பது இந்த மக்களின் பிள்ளைகள் சிறுவயதிலேயே அறிந்த விதி. தம்பி ஒரு குரங்கைப் பார்த்துச் சிரிக்கிறான், மாலையில் இடி முழங்குகிறது என்றால், 'அவர்கள் அப்படி நம்பினார்கள்' என்ற வாக்கியத்தைச் சேர்க்காதீர்கள்; அவன் நடுங்கட்டும், அக்காள் தனக்குத் தெரிந்ததைச் செய்யட்டும். ஒருவர் இறந்தபின் வீட்டையோ குடியிருப்பையோ விட்டு அகலும் வழக்கம் பல குழுக்களிடம் இருந்தது. பாட்டி இறப்பதாகக் கதை அமைந்தால், குடும்பம் மீண்டும் இடம்பெயர்வதற்கு அதுவே காரணமாகும்.

தெமியாரின் பாடல்கள் கனவில் ஆவிகள் கற்பித்தவை என்று கருதப்படுபவை. நோய் தீர்க்கும் சடங்குகளில், பெண்கள் மூங்கில் குழாய்களைத் தரையில் தட்டித் தாளமிட, அவை பாடப்படும். அந்தத் தாளத்தை, நெருப்பின் ஒளியை, தம்பி உறங்கிப்போவதை எழுதுங்கள். பாடல் வரிகளை நீங்களே இயற்றித் தெமியார் பாட்டு என்று அச்சிடாதீர்கள். அது ஒருவரின் கனவுக்குச் சொந்தமானது.

தமிழர் எங்கே வருகிறார்

தமிழ் நாவலில் தமிழர் ஒருவர் வரத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். கட்டாயமில்லை. வந்தால், அவருக்கு அங்கே இருக்க நியாயம் இருக்க வேண்டும். மலாயா ரயில்வேயில் பாதை பராமரிப்பு வேலையில் தமிழர் பெருமளவில் இருந்தார்கள். நிலையத்துக்கு அருகே அவர்களின் குடியிருப்பும் இருந்தது. அத்தகைய குடும்பத்துச் சிறுவன் ஒருவன் நம் உடன்பிறப்புகளைச் சந்திக்கலாம். இருவருக்கும் பொதுமொழியாக இருப்பது உடைந்த மலாய். அவனிடம் உப்பு இருக்கிறது. அவர்களிடம் கிழங்கும் வழியும் இருக்கின்றன. அவன் தந்தையை சயாமுக்குப் பிடித்துப் போனபின் பசியில் வாடும் அவனுக்கு, எந்தக் காட்டுக்கீரையைத் தின்னலாம் என்று அக்காள் காட்டுகிறாள். நம் சிறுவன் அவர்களைக் காப்பாற்றும் வீரனாக மாறும் நொடியில் நாவல் அவர்களுடையதாக இருப்பது நின்றுவிடும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

சிப்பாய்களும் கெரில்லாக்களும் வரும்போது எளிய கறுப்பு வெள்ளை வண்ணம் பூசுவதைத் தவிர்க்க வேண்டும். ஜப்பானியரின் கொடுமையை மென்மைப்படுத்தக் கூடாது. சீனச் சமூகத்தினர் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டதும், ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்தாயின் விசாரணைகளும் உண்மை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு, சித்திரவதை அறையைவிட, நேற்றுவரை திறந்திருந்த கடையின் கதவு ஆடிக்கொண்டிருப்பதும், கடைக்காரரின் செருப்பு மட்டும் வாசலில் கிடப்பதும் ஆழமாகப் பதியும். காட்டுக்குள் இருந்து போரிட்ட 'மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை' என்ற கெரில்லாப் படையினருக்கும், இரகசியமாக இயங்கிய ஆங்கிலேய 136ஆம் படையினருக்கும் உணவும் வழிகாட்டலும் தந்தவர்களில் ஓராங் அஸ்லி மக்கள் உண்டு. அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள். சோறு கேட்டு வரும் கெரில்லாவுக்குக் கொடுத்தால் ஜப்பானியர் வருவார்கள், கொடுக்காவிட்டால் இவர்கள் கோபிப்பார்கள் என்ற இக்கட்டைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கட்டும். பேட் நூன் 1943இல் இந்தக் காட்டில்தான் காணாமல் போனார். அவரைக் கதைமாந்தராக்கும் ஆசை வரும். அவர் நுழைந்தால் கதை அவரைச் சுற்றத் தொடங்கிவிடும் என்பதால், தொலைவில் கேட்கும் ஒரு பெயராக நிறுத்திக்கொள்வதே நல்லது.

தேடிப் போக வேண்டிய இடங்கள்

கோலாலம்பூரில் இருப்போருக்கு வாய்ப்புகள் அருகிலேயே உள்ளன. கோம்பாக்கில் உள்ள ஓராங் அஸ்லி அருங்காட்சியகமும், தேசிய அருங்காட்சியக வளாகத்தில் உள்ள ஓராங் அஸ்லி கைவினை அருங்காட்சியகமும் பொருள்களை நேரில் காண உதவும். திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தேசிய ஆவணக்காப்பகத்தில் அக்கால நிர்வாகக் கோப்புகளும், சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் ஆக்கிரமிப்புக் காலத்தை வாழ்ந்தவர்களின் நேர்காணல்களும் கிடைக்கும். 1989 முதல் இயங்கும் ஓராங் அஸ்லி நலன் மையத்தின் வெளியீடுகள், அம்மக்களின் நில உரிமைப் போராட்டத்தை அறியத் தவறாமல் படிக்க வேண்டியவை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் தேர்ந்தெடுத்த குழுவைச் சேர்ந்த ஒருவரேனும் உங்கள் கதையைக் கேட்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாதவராக இருப்பார் என்பதால், அத்தியாயம் அத்தியாயமாக மலாயில் சுருக்கிச் சொல்லுங்கள். அவர் நேரத்துக்கு உரிய ஊதியத்தைக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் காட்சியை, எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், எடுத்துவிடுங்கள். குடியிருப்புக்கே போவதானால் முன்கூட்டியே குடியிருப்புத் தலைவரான தோக் பாத்தினிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ஒலிப்பதிவுக் கருவியை முதல் நாளே நீட்டாதீர்கள்.

கதை எங்கே முடிகிறது

1945 ஆகஸ்டு 15இல் ஜப்பான் சரணடைந்தது. அன்றே கதையை முடித்து, அனைவரும் மகிழ்ந்து வீடு திரும்பினார்கள் என்று எழுதுவது வரலாற்றுக்கு முரணானது. 1948 ஜூனில், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக ஆங்கிலேய ஆட்சியால் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஓராங் அஸ்லி மக்கள் பலர் காட்டிலிருந்து பெயர்க்கப்பட்டு முள்வேலியிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். வெப்பமும் நெரிசலும் நோயும் பழக்கமில்லாத உணவும் சேர்ந்து அங்கே பெருந்தொகையானோர் இறந்தார்கள். போரில் தப்பிய அக்காளுக்கு அப்போது வயது இருபதைக்கூட எட்டியிருக்காது. சிறுவர் நாவல் அந்த முகாம்வரை போக வேண்டியதில்லை. ஆனால் எழுதும் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால், முடிவில் தானாகவே ஓர் அடக்கம் வரும். குடும்பம் மீண்டும் ஒரு தோட்டம் திருத்தி மரவள்ளிக் குச்சிகளை நடும் இடத்தில் நிறுத்தலாம். அந்தக் கிழங்கு முற்ற எவ்வளவு காலம் ஆகும் என்பதை வாசகர் இதற்குள் அறிந்திருப்பார்.

மொழிநடையைப் பற்றிச் சிறிது. மூன்று, நான்கு பக்க அத்தியாயங்களாக எழுதினால் வகுப்பறையில் ஒரே அமர்வில் வாசிக்க முடியும். கதைசொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். தெமியார் பேச்சை நம் தோட்டத்துப் பேச்சுவழக்கில் எழுதினால், படிக்கும் பிள்ளை அவர்களைத் தமிழராகவே கற்பனை செய்துகொள்வாள். அதனால் அவர்களின் உரையாடலைக் குறுகிய, தூய வாக்கியங்களில் அமைத்து, ரயில்வே குடும்பத்துச் சிறுவனுக்கு மட்டும் பேச்சுத்தமிழைத் தருவது பொருத்தம். ஓவியருக்கு நீங்கள் பார்த்த பொருள்களின் படங்களைக் கொடுங்கள். இல்லாவிட்டால் இறகுத் தொப்பியும் முகச்சாயமும் தாமாகவே வந்து சேரும்.

பின்னுரையை ஒரு பக்கத்துக்கு மிகாமல் வையுங்கள். எந்த நிகழ்ச்சி நடந்தது, எந்த ஆறு உண்மை, எந்தக் குடியிருப்பு கற்பனை என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் நேராகச் சொல்லுங்கள். கழற்றப்பட்ட தண்டவாளங்கள் எங்கே போயின என்பதற்கு அங்கே ஒரு பத்தி ஒதுக்குங்கள். கையெழுத்துப்படி முடிந்ததும் ஓர் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இரண்டு அத்தியாயங்களை வாசிக்க ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் எந்த இடத்தில் கேள்வி கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கதை புரியாததால் எழும் கேள்விகளுக்குத் திருத்தத்தில் விடை தர வேண்டும், "அந்த மக்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்பது போன்ற கேள்விகளுக்கு, நூலின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடமும் அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியும் சேருங்கள்.